கீழ் வீட்டின் இரண்டாவது வாசல்

மாலை நான்கு இருபதுக்கு நான் கண்விழித்தேன். கைப்பேசியைப் பார்த்ததால் நேரம் துல்லியமாகத் தெரியும். ஹாலில் தரையில் விரித்த ஜமுக்காளத்தில் என் மனைவி ரீட்டாவும், அவள் தம்பி ஜோசப்பும், அவன் மனைவி ஷீலாவும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ரீட்டாவுக்கும் நடுவில் எங்கள் மகள் ஜென்சி படுத்திருந்த இடத்தில் தலையணை மட்டும் இருந்தது. முகத்தில் காற்று பட்டது. பூட்டிய அறைக்குள் காற்று எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க இரண்டு மூன்று நொடி ஆயிற்று. திரைச்சீலை உள்பக்கமாக உப்பித் தணிந்தது. அதற்குப் பின்னால் கண்ணாடி, ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு விலகியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே புல்வெளி. புல்வெளி முடியும் இடத்தில் நீச்சல் குளம். அதைத் தாண்டிக் கடல்.

நான் இருபத்தேழு வருடம் திண்டுக்கல்லில், மணிக்கூண்டுக்கு அருகே ஒரு பயண அலுவலகத்தில், குடும்பங்களுக்குத் தங்குமிடம் பிடித்துக் கொடுக்கும் வேலை பார்த்தவன். போன வருடம், ஐம்பத்து மூன்று வயதில் விலகிக்கொண்டேன். ஆட்கள் நேரில் வருவது குறைந்து எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது. இப்போது அங்கே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் கேட்டார்கள். "சார், பீச் ரிசார்ட்ல அப்பார்ட்மெண்ட் மாதிரி வீடு புக் பண்றப்ப என்னென்ன கேக்கணும்னு எழுதிக் குடுங்க சார். ஆப்ல போட்டோ எல்லாம் வருது. ஆனா போயிட்டு வந்து எங்களத்தான் திட்டுறாங்க." ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நான்கு இருபதைத் தாண்டி எழுத வரவில்லை. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருடம் நான் செய்ததெல்லாம் ரயில் டிக்கெட் படிவம் நிரப்புவதும் பேருந்து இருக்கைக்குக் கட்டம் போடுவதும்தான். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான்காம் வருடம் என்னை ஜமீலா அக்காவின் மேசைக்கு மாற்றினார்கள். பேகம்பூர்க்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். தங்குமிடம் முழுக்க அவர் பொறுப்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்பார். எதிர்முனையில் பதில் வரும். அக்கா உடனே அடுத்த கேள்விக்குப் போக மாட்டார். பேசாமல் இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் எதிர்முனையில் இருப்பவர் இன்னும் ஏதாவது சொல்வார். "அதாவது மேடம், கடல் தெரியும், ஆனா மொட்டை மாடிக்குப் போனாத் தெரியும்." அப்போதுதான் அக்கா எழுதிக்கொள்வார்.

வாடகையை மேனேஜரிடம் கேட்பார். அறையைப் பற்றி மேனேஜரிடம் கேட்கவே மாட்டார். "கூட்டிப் பெருக்குறவங்க யாராச்சும் பக்கத்துல இருந்தா குடுங்க" என்பார். அந்த அம்மாவிடம் பத்து நிமிடம் பேசுவார். தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், குளியலறைக் கதவு உப்பியிருக்கிறதா, சமையலறையில் நிஜமாகவே அடுப்பு இருக்கிறதா.

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் ஏன் அப்பார்ட்மெண்ட் கேட்கிறார்கள் என்று இந்தப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினாலு பேர் கிளம்பினால் பதினாலு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். ஏழு அறையில் இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் போட்டால் அது அவர்களுக்குச் சுற்றுலாவே இல்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த காய்கறி வியாபாரி ஒருவர், ஹோட்டல் அறைகளின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தன கதவு இருக்குதுங்க, நாங்க எங்கீங்க ஒக்காந்து பேசறது?" என்று கேட்டார். அவருக்குப் பெரிய ஹாலும் சமையலறையும் உள்ள வீடாகப் பார்த்துக் கொடுத்தோம். அங்கே அவர்கள் ஊரிலிருந்து கொண்டுபோன கிரைண்டரைப் போட்டு மாவாட்டி, மூன்று வீட்டுக்கு மின்சாரம் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் கேள்வியில் ஒன்று கூடியது.

ஆனால் அக்கா முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எத்தனை வாசல்?" குழந்தையோடு போகும் குடும்பம் என்றால் அதோடு இன்னும் இரண்டு. தாழ்ப்பாள் எந்த உயரத்தில்? ஜன்னல் எம்புட்டு பெரிது, ஆள் நுழையுமா? ஒருமுறை நாங்கள் இருவரும் ஒரு கடற்கரை விடுதியை நேரில் பார்க்கப் போனோம். அக்கா கைப்பையை வைத்துவிட்டுத் தரையில் முட்டிபோட்டு, அப்படியே ஹாலிலிருந்து பால்கனி வரைக்கும் நகர்ந்தார். விடுதிக்காரர் பதறிப்போய், "மேடம், ஏதாச்சும் தொலஞ்சுபோச்சா?" என்றார். "இல்ல. நாலு வயசுல இந்த வீடு எப்படி இருக்கும்னு பாக்குறேன்" என்றார் அக்கா. நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் சொன்னார். "கீழ் வீடுன்னா ரெண்டு வாசல்னு வச்சுக்க அமலா. அவுங்க ஒண்ணுன்னு சொன்னாலும் ரெண்டுதான். ரெண்டாவது எங்கன்னு நீதான் கேக்கணும்."

நானும் கேட்டேன். எத்தனையோ குடும்பங்களுக்குக் கேட்டேன்.

என் குடும்பத்துக்கென்று நான் தங்குமிடம் பிடித்தது ஒரே ஒரு தடவைதான். வேலையை விட்டு விலகிய அந்த மாதம். திருமணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் ஜென்சி. அவள் பிறந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது ஆகியிருந்தது. அவள் மாடிப்படி ஏறினால் எனக்குக் கால் கூசும். பள்ளி வேன் இரண்டு நிமிடம் தாமதமானால் தெருமுனைக்குப் போய் நிற்பேன். ஏழு வயதிலும் அவளைக் கையைப் பிடித்தே நடத்துகிறேன் என்று ஜோசப் கிண்டல் செய்வான். "மச்சான், இவளுக்கு ஒரு கயிறு கட்டி உங்க இடுப்புல முடிஞ்சுக்கங்க."

கிழக்குக் கடற்கரையில் ஒரு பெரிய குடும்ப ரிசார்ட். பெயர் வேண்டாம். தப்பு அவர்களுடையது என்று சொல்ல நான் எழுதவில்லை. மூன்று மாடிக் கட்டடங்கள் எட்டு, கடலைப் பார்த்து வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் சங்கு, சிப்பி, முத்து, பவளம் என்று பெயர். மூன்றாவது மாடி வீடு ஒன்று காலியாக இருந்தது. கடல் முழுதாகத் தெரியும், பெரிய பால்கனி. ரீட்டாவுக்கு அதுதான் பிடித்தது. பால்கனிக் கம்பிகளின் இடைவெளியைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். "கீழ் வீடு போதும்." ரீட்டா ஆசிரியை. வாதாடத் தெரிந்தவள். அன்றைக்கு வாதாடவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

கீழ் வீட்டுக்கு நானே போன் செய்தேன். "எத்தனை வாசல்மா?"

"ஒரே வாசல்தான் சார். கார்டு போட்டாத்தான் தொறக்கும். ஹால்ல பெரிய ஜன்னல் இருக்கு சார், உக்காந்த எடத்துலயே கடல் தெரியும்."

நான் ரீட்டாவைப் பார்த்து, "கீழ் வீட்டிலிருந்தே கடல் தெரியுமாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. ஜன்னல் எம்புட்டு பெரிது, ஆள் நுழையுமா என்கிற கேள்வியை. அவர்கள் ஜன்னல் என்று சொன்னது தரையிலிருந்து மேல்வரை நிற்கும் கண்ணாடி. ஒரு விரலால் தள்ளினால் ஓடும்.

போய் இறங்கியதும் அதைப் பார்த்தேன். கொக்கியைப் போட்டேன். யாரும் திறக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொன்னேன். மத்தியானம் ஊரிலிருந்து கட்டிக்கொண்டுபோன புளிச்சோற்றையும், ஷீலா அங்கேயே வறுத்த மீனையும் சாப்பிட்டுவிட்டு ஹாலில் படுத்தோம். ஜோசப்பின் பெண்கள் இருவரும் உள்ளறையில் கைப்பேசியோடு இருந்தார்கள். மற்றதுதான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

"நான்தான் மச்சான் தொறந்தேன்" என்றான் ஜோசப். எழுந்து உட்கார்ந்தவன் அப்படியே இருந்தான். "ஏசி ஒத்துக்கல. செத்த நேரம் காத்து வரட்டுமேன்னு. நம்ம வீட்ல மத்தியானம் கொல்லக் கதவத் தொறந்துதான வச்சுருப்போம்."

வெளியே ஓடினேன்.

கண்ணாடிக்கு வெளியே எல்லோருடைய செருப்பும் கிடந்தது. ஜென்சியின் செருப்பு மட்டும் இல்லை. காலையில் கடலுக்குப் போனபோது ஒற்றைச் செருப்பை மணலில் விட்டுவிட்டு வந்து அழுதாள். சாயங்காலம் எடுத்துத் தருகிறேன் என்றேன். மறு செருப்பைத்தான் வாசலில் போட்டிருந்தாள். அதையும் காணோம். அப்படியானால் ஒற்றைச் செருப்போடு மற்றதைத் தேடிப் போயிருக்கிறாள்.

நீச்சல் குளத்தை மூன்று தரம் சுற்றினேன். தரை தெரியும் தண்ணீர். இருந்தும் ஒவ்வொரு மூலையிலும் குனிந்து பார்த்தேன். பிறகு மணலுக்கு ஓடினேன். காலையில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் பக்கம். செருப்பு அங்கேயே கிடந்தது. ரோஜா நிறம், பட்டையில் ஒரு பூ. அலை அதற்கு நாலடி தள்ளி வந்து திரும்பிப் போனது. அவள் இல்லை.

அந்தச் செருப்பைக் கையில் எடுத்தபோது எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றியது. இங்கே வரவேயில்லை, வந்திருந்தால் எடுத்திருப்பாள். அல்லது வந்தாள், எடுப்பதற்குள். இரண்டாவதை என் மனம் முடிக்கவில்லை. இன்றைக்கும் முடிப்பதில்லை. படுத்தவுடன் அந்த அரை வாக்கியம் வந்து நிற்கிறது.

கரையில் காவலுக்கு இருந்த ஆளிடம் கேட்டேன். "மூணு மணிக்கு மேல சின்னப் பிள்ளைக யாரும் எறங்கல சார்" என்றார்.

"நீங்க இங்கயேதான் இருந்தீங்களா?"

அவர் தலை குனிந்தார். "டீக்குப் போனேன் சார். அஞ்சு நிமிசம்."

ரீட்டா முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கும் குரல் அது. அலைச் சத்தத்தில் பத்தடிகூடப் போகவில்லை. ஜோசப் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது. நான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "விடுங்க மச்சான், விடுங்க" என்றான். ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் சுமப்பவன், என் கையில் பிள்ளை மாதிரி இழுபட்டு வந்தான்.

நான்கு ஐம்பதுக்கு வரவேற்பறைக்குப் போனேன். மேனேஜர் சென்னைக்காரர், முப்பது வயதிருக்கும். "வொரி பண்ணாதீங்க சார். நெறைய குழந்தைங்க இப்படிப் போவாங்க, கெடச்சிருவாங்க" என்றார். ஆட்களை அனுப்பி எட்டுக் கட்டடத்திலும் ஆள் தங்கியிருக்கும் வீடுகளின் கதவைத் தட்டச் சொன்னார். காலி வீடுகள் பூட்டித்தானே கிடக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இல்லை சார். இங்கயும் இல்ல சார். போலீசுக்குப் போன் செய்தார்கள். கடல் பக்கத்துக்கு ஆள் வர அரைமணி ஆகும் என்றார்கள். கடல் பக்கம் என்கிற சொல்லைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஜமீலா அக்காவுக்குப் போன் செய்தேன். ஏன் அவருக்கு என்று தெரியவில்லை. இத்தனை வருடமும் ஏதாவது கைமீறிப் போனால் என் கை அந்த எண்ணைத்தான் தேடியிருக்கிறது. எதிர்முனையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அழாமல் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை.

அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு பேசாமல் இருந்தார். விடுதிக்காரர்களிடம் இருப்பாரே, அதே மாதிரி. எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, கீழ் வீடுன்னா ரெண்டு வாசல்னு நீங்க சொன்னீங்க. நான் கேக்கல" என்றேன்.

"அத அப்பறம் பேசுவோம். நான் கேக்குறதுக்குச் சொல்லு. வழி தவறிட்டா என்ன செய்யணும்னு நீ அவளுக்குச் சொல்லி வச்சுருப்பியே. நீதான் எல்லாத்துக்கும் சொல்லி வைக்கிற ஆளாச்சே. என்ன சொல்லி வச்சுருக்க?"

சொன்னேன். ஒவ்வொன்றாக என் வாயில் வரவர எனக்கே புரிந்தது. யாரும் இல்லையென்றால் இருக்கிற இடத்தைவிட்டு நகரக் கூடாது. உள்ளே இருந்தால் கதவைத் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். யார் தட்டினாலும் சத்தம் காட்டக் கூடாது. நானோ அம்மாவோ அனுப்பிய ஆள் என்றால் ஒரு சொல் சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் மட்டும் திறக்கலாம்.

"அப்ப நீங்க தட்டுனப்ப அவ தொறந்துருக்க மாட்டா" என்றார் அக்கா. "அந்தச் சொல்லச் சொல்லித் தேடச் சொல்லு. அவ கடலுக்குப் போகல அமலா. நீ வளத்த பிள்ள, பயந்த பிள்ள. ஏதோ ஒரு கதவுக்குப் பின்னாடிதான் இருப்பா."

அந்தச் சொல் வெஞ்சனம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தினமும் அலுவலகத்திலிருந்து வந்து கதவைத் தட்டி, "என்ன வெஞ்சனம்?" என்று கேட்பேன். ஜென்சி ஓடிவந்து திறப்பாள். சென்னைக்காரனுக்குத் தெரியாது, வடக்கத்தியாருக்கு வாயில் நுழையாது என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மேனேஜரிடம் சொன்னேன். "என்ன சார்? வெண்..?" என்றார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நீச்சல் குளத்துப் பக்கம் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு, அதில் அவரே வாசித்தார். "ஜென்சி, வெஞ்சனம். வெஞ்சனம், ஜென்சி." ரகசியமாக வைத்திருந்த சொல் கடற்கரை முழுக்க ஒலித்தது. இனி அது எதற்கும் உதவாது என்று அந்த நிலையிலும் எனக்கு ஒரு கலக்கம். குளத்தோரம் நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர், எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும், மனைவியிடம் கேட்டார். "என்னடி, சாப்பாட்டுக்குக் கூப்புடுறானா? இன்னும் அஞ்சரகூட ஆகலயே."

கதவு எதுவும் திறக்கவில்லை. மூடிய கண்ணாடிக்குள் ஒலிபெருக்கி வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும் என்று பிறகு தெரிந்தது.

அந்தச் சொல்லை ஆட்கள் கையிலும் கொடுத்து அனுப்பினோம். இந்த முறை காலி வீடுகளையும் பார்க்கச் சொன்னேன். பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது. அவரவர் மொழியில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் பிரேன். அசாம்காரர். நாற்பது வயதுக் காவலாளி. அவர் பொதுச் சாவி அட்டையோடு சங்குக் கட்டடத்துக்குப் போனார். எங்களுடையது சிப்பி. சங்கு அதற்குப் பக்கத்துக் கட்டடம். அதே திரைச்சீலை, அதே சோபா, சுவரில் அதே மீன் படம். அதன் கீழ் வீட்டில் இருந்தவர்கள் மத்தியானம்தான் காலிசெய்திருந்தார்கள். துடைத்த தரை காய்வதற்காகத் துப்புரவு ஆட்கள் கண்ணாடியைத் திறந்துபோட்டிருந்தார்கள். குழந்தையின் கண்ணுக்கு அது எங்கள் வீடேதான். பிரேன் அட்டையை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. கதவு அசையவில்லை. காலி வீடு, உள்ளே தாழ் போட்டிருக்கிறது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு, கையில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்.

இதெல்லாம் பிறகு அவர் சொல்லித் தெரிந்துகொண்டவை. அப்போது எனக்கு எதுவும் தெரியாது. வரவேற்பறைப் படியில், ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரீட்டா என் பக்கத்தில் இல்லை. மணலிலேயே இருந்தாள். கடலைவிட்டு வர மாட்டேன் என்றுவிட்டாள். ஐந்து நாற்பது. வெயில் தணிந்து கட்டடங்களின் நிழல் புல்வெளியில் நீளமாக விழுந்திருந்தது.

அந்த நிழலுக்குள்ளிருந்து காக்கிச் சட்டை ஒன்று வந்தது. அதன் விரலைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் மண்ணுமாக, ஜென்சி. நான் எழுந்திருக்கவில்லை. பிரேன் அவளை என் முன்னால் நிறுத்திவிட்டு, "பேபி, சார்" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

ஜென்சி என் மடியிலிருந்த செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு என் காதுப்பக்கம் குனிந்து, அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, இந்த மாமா பென்சன், பென்சன்னு தப்பாத்தான் சொன்னாரு. ஆனா ரொம்ப நேரமாச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. பாவமா இருந்துச்சு. அதான் தொறந்துட்டேன்."